தாழ்வாரத்துக்கும் ஒரு பட்டம் உண்டு: சிங்கப்பூரில் முதல் பயிர்ச் சோதனை செய்பவர்களுக்கு

"ஆடி பிறந்துடுச்சே, வெண்டை போட்டுட்டியாம்மா?" நான் சிங்கப்பூர் வந்த முதல் ஆண்டு அம்மா தொலைபேசியில் இப்படித்தான் கேட்டார். போட்டேன். யீஷூனில் ஐந்தாம் மாடி, தெற்குப் பார்த்த தாழ்வாரம், மூன்று தொட்டி. விதை நான்காம் நாள் முளைத்தது. அப்புறம் தண்டு நூல் மாதிரி நீண்டு, வெளிச்சம் வரும் பக்கம் சாய்ந்து, ஒரு மாதத்தில் படுத்துவிட்டது. அதே விதையில் மிச்சம் இருந்ததை ஐப்பசியில் போட்டுப் பார்த்தேன். தொட்டி அதே, மண் அதே. மார்கழி பிறந்ததும் காய் பறித்தேன்.

இதற்கான காரணம் புரிய எனக்கு ஓராண்டு பிடித்தது. இங்கே புதிதாக வந்து, ஊர் விதையோ உள்ளூர் விதையோ போட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு அந்த ஓராண்டு வீணாக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஆறு தொட்டி, ஒரு சமையலறைத் தராசு, ஒரு குறிப்பேடு போதும்.

முதலில் வெயிலைப் பாருங்கள்

பட்டம் என்றால் விதைக்கும் காலம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது தமிழ்நாட்டின் மழைக்கும் பருவத்துக்கும் சொன்னது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. திருச்சிப் பக்கம் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். இங்கே சுமார் 9 நிமிடம்தான். ஆண்டு முழுக்கப் பகல் 12 மணி நேரம், ஆண்டு முழுக்கச் சூடு, ஆண்டு முழுக்க மழை. அப்படியென்றால் எந்த மாதத்திலும் எதையும் போடலாம் என்று நினைக்கத் தோன்றும். திறந்த வெளித் தோட்டத்தில் அது பெரும்பாலும் சரி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் சரியில்லை.

இங்கே சூரியன் மார்ச்சிலும் செப்டம்பரிலும் நேர் தலைக்கு மேலே போகிறது. ஆண்டின் நடுவில் வடக்கே சாய்கிறது, ஆண்டுக் கடைசியில் தெற்கே சாய்கிறது. வடக்குப் பார்த்த தாழ்வாரத்துக்கு ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை நேர் வெயில் கிடைக்கும். தெற்குப் பார்த்ததற்கு அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை கிடைக்கும். மீதி மாதங்களில் வெளிச்சம் இருக்கும், வெயில் இருக்காது. என் வெண்டை ஆடியில் படுத்ததற்கும் ஐப்பசியில் எழுந்ததற்கும் இதுதான் காரணம். கிழக்கு, மேற்குப் பார்த்த வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. காலை வெயிலோ மாலை வெயிலோ ஆண்டு முழுக்க உண்டு.

ஆகவே முதல் வேலை விதை வாங்குவது அல்ல. வீட்டில் இருக்கும் ஒரு நாளில் காலை 8 மணியிலிருந்து மாலை 6 வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தொட்டி வைக்கப்போகும் இடத்தில் வெயில் விழுகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே உச்சி வெயில் ஏறக்குறைய மதியம் 1 மணிக்குத்தான், 12 மணிக்கு அல்ல. நேர் வெயில் ஆறு மணி நேரம் இருந்தால் வெண்டை, கத்தரி, மிளகாய் போடலாம். நான்கு மணி நேரம் என்றால் கீரை. அதற்கும் குறைவு என்றால் வெற்றிலை, பாண்டான் இலை, கொடிப்பசலை என்று நிழல் தாங்குகிறவற்றோடு தொடங்குங்கள். எதிர் புளோக்கின் நிழலையும் மறக்க வேண்டாம். குறிப்பேட்டின் முதல் பக்கம் இந்த வெயில் கணக்குதான். இதையே மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்தால், ஓராண்டில் உங்கள் தாழ்வாரத்தின் பட்டம் கையில் இருக்கும்.

இடம், அனுமதி

பொதுத் தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் வழி விட வேண்டும், தீயணைப்புக்காக. சுவர் விளிம்பின் மேல் தொட்டி வைக்கவே கூடாது. கீழே யாராவது நடந்து போய்க்கொண்டிருப்பார்கள். நகர மன்றத்தின் விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். முதல் அறுவடையில் ஒரு கட்டு கீரை அவர்களுக்குப் போகட்டும்.

வெயில் இல்லாத வீடு என்றால் மனம் தளர வேண்டாம். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் இருக்கின்றன. உங்கள் பேட்டையில் எது என்று சமூக மன்றத்தில் கேட்டால் சொல்வார்கள். அங்கே மண் கூட்டு, வேலை கூட்டு. தனியாக ஒரு பாத்தி வேண்டும் என்றால் பூங்காக்களில் வாடகைப் பாத்தி உண்டு: 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், மூன்றாண்டு தவணை. கேட்பவர்கள் அதிகம் என்பதால் குலுக்கல் முறையில் கொடுக்கிறார்கள். விண்ணப்பம் திறக்கும்போது போட்டுவிடுங்கள், அதுவரை தாழ்வாரத்தில் தொடங்குங்கள்.

எதைப் போடுவது

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தக்காளியில் தொடங்குகிறார்கள். நான் சொல்வேன், அதில் தொடங்காதீர்கள். இங்கே இரவிலும் சூடு இறங்குவதில்லை. பல தக்காளி ரகங்கள் பூக்கும், ஆனால் பிஞ்சு பிடிக்காமல் பூ உதிரும். ஆறு மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்துவிட்டு, தன் கையில்தான் ராசி இல்லை என்று விட்டுவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தப்பு கையில் இல்லை, ரகத்தில்.

இந்த வெப்பத்துக்கென்றே பிறந்த பயிர்களோடு தொடங்குங்கள். தண்டுக்கீரை, அரைக்கீரை வகையறா சூட்டிலும் வெயிலிலும் மற்ற கீரைகளைவிட வேகமாக வளரும். சோளம், கரும்பு மாதிரி அவையும் சூட்டில் ஒளியைத் திறமையாகப் பயன்படுத்தும் இனம். நான்கு வாரத்தில் பறிக்கலாம். மலாய்க்காரர்கள் பாயம் என்பதும் இந்தக் குடும்பம்தான். காங்கோங் தண்ணீர் இருந்தால் போதும், தேக்கா சந்தையில் வாங்கிய கட்டின் தண்டையே நட்டு வைக்கலாம். ஊரில் தவசிக்கீரை என்றும் செக்கூர் மானிஸ் என்றும் சொல்கிறோமே, அந்தப் பெயரே இந்தப் பக்கத்து மலாய்ப் பெயர்தான். குச்சி நட்டால் வரும், பாதி நிழலிலும் தழைக்கும். ஒரே எச்சரிக்கை: அதைச் சமைத்துத்தான் சாப்பிட வேண்டும். 1990களில் தைவானில் உடல் இளைக்க இதைப் பச்சையாக அரைத்துத் தொடர்ந்து குடித்த பலருக்கு நுரையீரல் கெட்டுப்போனது.

இடம் இருந்தால் சிறகவரையைக் கட்டாயம் போடுங்கள். மலாயில் காச்சாங் போத்தோல். காயின் நான்கு பக்கமும் பாவாடை ஓரம் மாதிரிச் சுருக்கம் இருக்கும். காய், இலை, பூ, விதை, கிழங்கு எல்லாமே உண்ணலாம், விதையில் புரதம் அதிகம். 1975இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் வெப்பமண்டலத்தின் எதிர்காலப் பயிர் என்று இதைப் பற்றித் தனி அறிக்கையே போட்டது. ஆனால் பகல் நீளமாக இருக்கும் நாடுகளில் இது பூக்கவே மறுத்துவிடும். நிலநடுக்கோட்டுப் பக்கம் அந்தத் தொல்லை இல்லை. இந்த மண்ணுக்கு இவ்வளவு பொருத்தமான ஒரு காய் இங்கே பலருடைய சமையலறையில் இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பெயரில் கவனம். பசலை என்று கேட்டால் மூன்று பேர் மூன்று செடி கொடுப்பார்கள். கொடிப்பசலை ஒன்று, தரைப்பசலை வேறு, சிலோன் பசலை வேறு. மூன்றும் வெவ்வேறு பேரினம். குறிப்பேட்டில் தமிழ்ப் பெயர், கொடுத்தவர் சொன்ன பெயர், அறிவியல் பெயர் மூன்றையும் எழுதுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் இலை, பூ இரண்டையும் படம் எடுத்துப் போட்டால் செடியைக் கண்டுபிடிக்க ஆட்கள் உதவுவார்கள்.

இப்போது சோதனை

இரண்டு தொட்டி வைத்து, ஒன்றில் ஊர் வெண்டை, ஒன்றில் உள்ளூர் வெண்டை போட்டு, எது நன்றாக வருகிறது என்று முடிவு கட்டுவதுதான் எல்லோரும் செய்வது. நானும் செய்தேன். இரண்டாவது தொட்டி தூணின் நிழலில் இருந்தது என்பதை ஆறு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். தோற்றது ரகமா, இடமா? சொல்லவே முடியாது.

ஆறு தொட்டி எடுங்கள். ஒரே அளவு, குறைந்தது 30 சென்டிமீட்டர் ஆழம். மண் கலவையை ஒரே தடவையில் கலந்து ஆறிலும் நிரப்புங்கள். நான் போடுவது இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மக்கிய உரம், ஒரு பங்கு தென்னை நார்த்தூள். கடையில் சுட்ட மண் கிடைத்தால் ஒரு கை சேர்க்கலாம், தண்ணீர் நன்றாக வடியும். அப்புறம் ஆறு சீட்டு எழுதுங்கள், மூன்றில் 'அ', மூன்றில் 'ஆ'. வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுக் குலுக்கி எடுக்கச் சொல்லுங்கள். முதல் சீட்டு முதல் தொட்டிக்கு, இரண்டாவது இரண்டாவதுக்கு. இப்படிச் செய்தால் நல்ல வெயில் விழும் மூலையை நமக்குப் பிடித்த ரகத்துக்குக் கொடுக்கும் ஆசை வராது. பெரிய வயல்களில் ஆராய்ச்சியாளர்கள் செய்வதும் இதே குலுக்கல்தான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரகத்தை ஒப்பிடுகிறீர்கள் என்றால் உரம், தண்ணீர், விதைத்த நாள் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். உரத்தை ஒப்பிட வேண்டும் என்றால் ரகம் ஒன்றாக இருக்கட்டும்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை: விதைத்த நாள், போட்ட விதை எத்தனை, முளைத்தது எத்தனை, முதல் பூ, முதல் பறிப்பு, ஒவ்வொரு பறிப்பிலும் எத்தனை கிராம், என்ன பூச்சி. அவ்வளவுதான். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். எடை போட்ட கையோடு எழுத வேண்டும், வெண்டையின் சுணை விரலில் இருக்கும்போதே. என் பழைய குறிப்பேட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "3ஆம் தொட்டி, 84 கிராம், ஒரு காய் முற்றல். 5ஆம் தொட்டி, 31 கிராம், இலை நரம்பு மஞ்சள்." அந்த மஞ்சள் நரம்பு, வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். அன்று எழுதியிருக்காவிட்டால், அடுத்தடுத்த வாரம் எந்த ரகத்துக்கு அது பரவியது, எது தாங்கியது என்று கண்டுபிடித்திருக்க மாட்டேன். தாங்கிய ரகத்தின் விதையைத்தான் இன்றும் போடுகிறேன்.

இதே கேள்விகளைத்தான் பெரிய இடங்களிலும் கேட்கிறார்கள். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் 1971இலிருந்து வெப்பமண்டலக் காய்கறி ரகங்களைச் சேர்த்து ஒப்பிட்டுவருகிறது. இங்கே தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வுக்கூடம் வெள்ளம், வறட்சி, நோய் தாங்கும் நெல் ரகத்தை உருவாக்கி 2016இல் தெமாசெக் அரிசி என்று வெளியிட்டது. அளவு வேறு, ஒப்பிட்டுப் பார்க்கும் முறை ஒன்றுதான்.

மழை, கொசு, பூச்சி

டிசம்பர், ஜனவரியில் நாள்கணக்கில் மழை பிடிக்கும். பிப்ரவரியில் பொதுவாக மழை குறைவு. பலத்த மழை தொட்டியின் சத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் உரத்தை மொத்தமாகக் கொட்டாமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகப் போடுங்கள். விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து வரும் காற்றுமழை கொடிப்பந்தலைச் சாய்த்துவிடும், கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள்.

கொசு விஷயத்தில் சலுகையே கிடையாது. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரைக் கொட்டித் தேய்க்க வேண்டும். தட்டே வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது. மேல் மண் இறுகினாலும் அதன் மேல் தண்ணீர் தேங்கும், குச்சியால் கிளறி விடுங்கள். டெங்கி கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் போதும். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள், புழு இருந்தால் அபராதம் உண்டு. அபராதத்தைவிடப் பக்கத்து வீட்டுக் குழந்தை முக்கியம்.

பூச்சிக்கு முதல் மருந்து கை. அசுவினி, மாவுப்பூச்சியைத் தண்ணீரால் பீய்ச்சியோ ஈரத்துணியால் துடைத்தோ எடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெயில் இரண்டு சொட்டு சோப்பு கலந்து, தண்ணீரில் கரைத்து மாலையில் தெளிக்கலாம். ஒரே பயிரை வரிசையாக வைக்காமல் இடையே துளசி, சாமந்தி, கீரை என்று கலந்து வையுங்கள். ஒரு தொட்டியில் வந்தது அடுத்ததற்குத் தாவ நேரம் பிடிக்கும். சமையலறைக் கழிவைப் பச்சையாகத் தொட்டியில் புதைக்காதீர்கள். எலியும் கரப்பானும் வரும், அப்புறம் புளோக்கே உங்கள் செடிக்கு எதிராகிவிடும்.

விதை எடுப்பது

என்னைப் பொறுத்தவரை இதுதான் இந்த வேலையின் இதயம். இங்கே தாங்கி வளர்ந்த செடியிலிருந்து இங்கேயே விதை எடுத்து, மறுபடி இங்கேயே போட்டுக்கொண்டு போனால், சில தலைமுறையில் இந்த இடத்துக்கு ஒத்துப்போகிற செடிகளைத் தேர்ந்தெடுத்துவிடலாம்.

பொட்டலத்தில் எஃப்1 என்று இருந்தால் அது வீரிய ஒட்டு ரகம். அதிலிருந்து எடுக்கும் விதை தாய் மாதிரி வராது. நாட்டு ரகத்திலிருந்துதான் விதை எடுக்க வேண்டும். அவரை, தட்டைப்பயறு பெரும்பாலும் தன் பூவிலேயே தான் கருவுறும், கவலை இல்லை. கீரை காற்றில் கலக்கும், பூசணிக் குடும்பம் தேனீயால் கலக்கும். வெண்டை இரண்டுக்கும் நடுவில். சமூகத் தோட்டத்தில் ஓர் அக்கா இதற்கு ஒரு வழி காட்டினார். கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கும் மெல்லிய வலைப் பையை எடுத்து, மறுநாள் விரியப்போகும் மொட்டின் மேல் மாலையிலேயே மாட்டிக் கயிற்றை இழுத்துவிட்டார். "ஒரு நாள் பூம்மா இது. காலையில விரியும், சாயங்காலம் சுருங்கிடும். அதுக்குள்ள தேனீ போகாம பாத்துக்கிட்டா போதும்," என்றார். பூ உதிர்ந்ததும் பையைக் கழற்றி, காம்பில் ஒரு சிவப்பு நூல் கட்டினார். நூல் கட்டிய காயை வீட்டில் யாரும் பறிக்கக் கூடாது என்பது இப்போது எங்கள் வீட்டிலும் சட்டம்.

அந்தக் காய் செடியிலேயே காய்ந்து, பழுப்பாகி, விளிம்பு பிளக்கும் வரை விடுங்கள். விதையைக் கடித்துப் பார்த்தால் பல் பதியக் கூடாது, உடைய வேண்டும். இந்த ஊர்க் காற்றின் ஈரத்தில் வெறும் நிழலில் வைத்தால் போதுமான அளவு காயாது. விதை எடைக்குச் சமமாக, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் எடுத்து, மூடி இறுகும் கண்ணாடிப் புட்டியில் இரண்டையும் தனித்தனிப் பொட்டலமாக ஒரு வாரம் வையுங்கள். பிறகு ஜெல்லை எடுத்துவிட்டுப் புட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், வெப்பம் ஐந்து பாகை குறைந்தாலும் அப்படியே என்பது விதைக்காரர்களின் பழைய கணக்கு. வெளியே எடுத்ததும் உடனே திறக்காதீர்கள். புட்டி அறை வெப்பத்துக்கு வரட்டும். இல்லாவிட்டால் விதை மேல் வியர்த்துவிடும்.

எல்லா விதைக்கும் இது பொருந்தாது. டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தான், பலா இவற்றின் விதை காய்ந்தால் செத்துவிடும். தின்ற அன்றே நட்டுவிட வேண்டும். வெப்பமண்டல மரங்கள் பலவற்றின் கதை இது. அதனால்தான் அவற்றை விதை வங்கியில் அடைத்துப் பாதுகாப்பது கஷ்டம், காட்டையும் தோட்டத்தையும் உயிரோடு வைத்திருப்பதுதான் முக்கிய வழி.

ஊரிலிருந்து கொண்டுவரும் முன்

மண்ணோடு செடி கொண்டுவராதீர்கள். விதை என்றாலும் தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி விதிகளைப் பார்த்து, கேட்கும் சான்றிதழ் எடுத்து வாருங்கள். இது வெறும் அலுவலகச் சம்பிரதாயம் அல்ல. பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குப் போனால் இதன் காரணம் புரியும்.

1876இல் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. முளைத்தவை சுமார் 2,700தான். அந்த வழியில் 1877இல் 22 கன்று சிங்கப்பூர் வந்தது. 1888இல் பூமலைக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையைக் கண்டுபிடித்தார். மலாயா முழுக்க ரப்பர் பரவியது. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். அவர்கள் வம்சத்தில் வந்தவர்கள் இன்றும் இந்த ஊரில் இருக்கிறார்கள். ஆனால் அத்தனை மரமும் ஒரு சிறிய வித்துக் கூட்டத்தின் பிள்ளைகள். தென் அமெரிக்காவில் ரப்பர் இலையைக் கருக்கும் ஒரு பூஞ்சணம் இருக்கிறது. அங்கே பெரிய தோட்டங்களையே அது அழித்தது. அது இந்தப் பக்கம் வந்தால் தாங்கும் ரகம் குறைவு. அந்த மாதிரி நோய்கள் கடல் தாண்டாமல் இருக்கத்தான் இத்தனை கட்டுப்பாடு. பையில் ஒளித்து வரும் ஒரு கன்றில் என்ன இருக்கும் என்று நமக்குத் தெரியாது.

இங்கேயும் ஒரு விதி: இயற்கை வனப்பகுதிகளில், பூங்காக்களில் செடியோ விதையோ எடுக்கக் கூடாது. சாலையோர மாமரத்தின் காய்கூட நம்முடையது அல்ல. படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கற்றுக்கொள்ளப் போக வேண்டிய இடங்கள்

பூமலை 1859இல் தொடங்கியது, 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலம் ஆனது. அங்குள்ள உலர்தாவரச் சேகரிப்பில் 750,000 மாதிரிகள் அளவுக்கு இருக்கின்றன. 2019இல் விதை வங்கியும் வந்தது. ஃபோர்ட் கேனிங்கில் உள்ள நறுமணத் தோட்டம் சின்னது. ஆனால் ராஃபிள்ஸ் 1822இல் சாதிக்காயும் கிராம்பும் சோதனைக்குப் போட்ட தோட்டம் அந்தக் குன்றில்தான் இருந்தது. அலெக்சாண்ட்ராப் பக்கம் ஹார்ட்பார்க்கில் வாடகைப் பாத்திகளைச் சும்மா நடந்து பார்க்கலாம். பாத்திக்காரர்கள் பேச ஆவலாக இருப்பார்கள், அவர்களிடம் கேட்டதுதான் எனக்கு அதிகம் உதவியது.

சமூகத் தோட்டத்தில் விதை மாற்றிக்கொள்ளும்போது வெறும் பொட்டலமாக வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள். போன மாதம் நான் கொடுத்ததன் மேல் இப்படி எழுதியிருந்தேன்: "வெண்டை, நாட்டு ரகம், அம்மா கொடுத்தது. யீஷூனில் நான்காம் தலைமுறை. பை கட்டி எடுத்தது. தெற்குத் தாழ்வாரம், அக்டோபர் கடைசியில் விதைத்தால் டிசம்பர் நடுவில் காய். பத்துக்கு எட்டு முளைக்கும். மஞ்சள் நரம்பு தாங்கியது. வடக்குப் பார்த்த வீட்டில் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. நீங்கள் போட்டால் எத்தனை கிராம் என்று சொல்லுங்கள்."